அனுமதி மறுக்கப்பட்டால் பூட்டை உடைக்காதீர்கள்

(நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பு நிறைவு நாளில், பெற்றோர்களும் மாணவ மாணவியரும் கூடியிருந்த அமர்வில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த ஆறு மாதத்தில் நம் பிள்ளைகள் லினக்ஸ் கற்றுக்கொண்டார்கள். ஒரே கணினிக்குள் பல கணினிகளை அமைத்து ஓட்டப் பழகினார்கள். அதில் அவர்களை அதிகமாக அழவைத்தது எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். 'பெர்மிஷன் டினைட்', அதாவது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் வருகிற அந்த ஒற்றை வரி. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெற்றோர்கள் 'இது பிள்ளைகள் விஷயம்' என்று எழுந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டு விஷயமும் இதில் இருக்கிறது.

முதலில் விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். ஒரு பெரிய கட்டடத்தில் நான்கு குடித்தனங்கள் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்று. தண்ணீர்த் தொட்டி ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வாசல், தனிப் பூட்டு. நம் மாடியறையில் இருக்கும் அந்தப் பெரிய கணினிதான் கட்டடம். அதற்குள் வகுப்புக்கு ஒரு குடித்தனம், அலுவலகப் பதிவேட்டுக்கு ஒரு குடித்தனம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இன்றைக்கு வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் 'கிளவுட்' என்று சொல்வதும் பெரும்பாலும் இப்படிக் குடித்தனம் பிரித்து வாடகைக்கு விடும் வேலைதான்.

நடந்ததைச் சொல்கிறேன்

மூன்று மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவம். கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் வந்த விண்ணப்பங்களை அலுவலகக் குடித்தனத்தில் பதிந்துகொண்டிருந்தோம். வேலை அதிகம் என்பதால் வகுப்பில் நன்றாகத் தேறிய மூன்று மாணவர்களுக்கு அதில் தனித்தனிக் கணக்கு திறந்து உதவிக்கு வைத்துக்கொண்டோம். அவர்கள் படிவத்தின் ஒரு பகுதியை மட்டும் பதிவார்கள். உதவி பெறுவோரின் முழுப் பட்டியல் அலுவலகக் கணக்கில் மட்டுமே இருக்கும்.

ஒருநாள் மாலை அலுவலகக் கணக்கிலிருந்து ஒரு கோப்பைச் சேமிக்க முடியவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. நான் ஊரில் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர் மாணவர் ஒருவரை அழைத்தார். அவர் இணையத்தில் எங்கோ பார்த்த ஒரு கட்டளையை அடித்தார். 'சூடோ சிஎச்மோட் 777' என்று தொடங்கி, அலுவலகக் கணக்கின் வீட்டுக் கோப்புறை முழுவதற்கும், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்துவிட்டார். கோப்பு சேமிக்கப்பட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று இரவு மற்றொரு மாணவர் தன் கணக்கில் நுழைந்தபோது, பட்டியல் அவர் கண்முன் திறந்து கிடந்தது. தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பெயரை அதில் பார்த்துவிட்டார். உடனே மூடிவிட்டு, மறுநாள் காலையில் என்னிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்தப் பிள்ளையின் நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் குடும்பத்தாரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அந்தத் தாய் கோபப்படவில்லை. "என் பிள்ளைக்கே இது தெரியாது காக்கா" என்று மட்டும் சொன்னார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே சொல்கிறேன். அது எந்தக் குடும்பம் என்று யாரும் யூகிக்க முயல வேண்டாம்.

அதே காலையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அந்த அலுவலகக் கணக்குக்குள் அலுவலகத்தாராலேயே நுழைய முடியவில்லை! மறுபடியும் அனுமதி மறுக்கப்பட்டது. நேற்றுவரை வேலை செய்த சாவி இன்று வேலை செய்யவில்லை.

ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தவறு அந்த மாணவருடையது அல்ல. முதல்நாள் அந்தக் கோப்புறையை அவசரத்தில் சூடோ போட்டு உருவாக்கியவன் நான். சூடோ என்பது நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு வேலை செய்வது. அப்படி உருவாக்கியதால் அதன் உரிமையாளராக அலுவலகக் கணக்கு அமையாமல், 'ரூட்' என்ற தலைமைக் கணக்கு அமைந்துவிட்டது. சேமிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். தேவையில்லாமல் அந்த மாணவருக்கு சூடோ உரிமையைக் கொடுத்து வைத்திருந்தவனும் நான்தான். 'சிஎச்ஓன்' என்ற கட்டளையால் அந்த ஒரு கோப்புறையின் உரிமையாளரை மாற்றியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

777 என்றால் என்ன?

நம் பைத்துல்மால் அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாளர் ஒருவர். நிர்வாகக் குழு ஒன்று. மற்றவர்கள் ஊர்மக்கள். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் இதே மூன்று தரப்பு உண்டு: உரிமையாளர், குழு, மற்றவர். மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றவருக்கு.

படிக்க 4. எழுத 2. இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆகவே 600 என்றால் உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழு படிக்க மட்டும் செய்யலாம். 777 என்றால் பொருளாளருக்கு உள்ள அத்தனை உரிமையும் தெருவில் போகிறவருக்கும் உண்டு. அலமாரியைத் தெருவில் தூக்கி வைத்த மாதிரி.

ஒரு நுணுக்கம். கோப்புறைக்கு அந்த 1 என்பது 'இயக்க' அல்ல, 'கடந்து உள்ளே போக'. இதை மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

எந்த வாசல் என்று முதலில் பாருங்கள்

பிள்ளைகளே, அனுமதி மறுக்கப்பட்டால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள். நான் எந்த வாசலில் நிற்கிறேன்? அந்த வாசல் என்னை யாராகப் பார்க்கிறது?

முதல் வாசல், கட்டடத்தின் வெளிக்கதவு. உபுண்டுவிலோ ஃபெடோராவிலோ கேவிஎம் முறையில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும்போது, அவற்றை நிர்வகிப்பது லிப்வர்ட் என்ற சேவை. வர்ட்-மேனேஜர் என்ற நிரலைத் திறந்தவுடன் 'லிப்வர்ட்டுடன் இணைய முடியவில்லை, சாக்கெட்டுக்கு அனுமதி இல்லை' என்று வந்தால், நீங்கள் இன்னும் எந்தக் குடித்தனத்துக்கும் போகவில்லை. வெளிக்கதவிலேயே நிற்கிறீர்கள். 'ஐடி' என்று அடித்துப் பாருங்கள். நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று காட்டும். அதில் லிப்வர்ட் குழு இல்லையென்றால் 'யூசர்மோட்' கட்டளையால் நிர்வாகி உங்களைச் சேர்க்க வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சேர்க்கும்போது சிறிய ஏ, பெரிய ஜி என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துப் போட வேண்டும். சிறிய ஏ-வை விட்டுவிட்டால், புதிய குழுவில் சேர்த்துவிட்டு ஏற்கெனவே இருந்த மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து உங்களை நீக்கிவிடும். சூடோ குழுவிலிருந்தும் போய்விடுவீர்கள். பிறகு திருத்தவும் அதிகாரம் இருக்காது.

சேர்த்த பிறகும் அதே பிழை வந்தால் பதற வேண்டாம். உள்நுழையும் நேரத்தில்தான் குழுப் பட்டியல் உங்கள் கணக்கோடு ஒட்டும். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். நம் வகுப்பில் பாதிப்பேர் இந்த ஒரு படியைத் தெரியாமல் ஒரு மாலையை வீணாக்கினார்கள்.

லிப்வர்ட் குழுவில் இருப்பவர் ஏறக்குறைய அந்தக் கணினியின் முழு நிர்வாகிக்குச் சமம் என்பதையும் மனத்தில் வையுங்கள். கேட்டவரையெல்லாம் அதில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று. சில நேரம் பிழையே வராது. ஆனால் இயந்திரங்களின் பட்டியல் காலியாக இருக்கும். 'என் மெஷின் அழிந்துவிட்டது' என்று ஒரு மாணவி கண்கலங்கி நின்றார். அழியவில்லை. லிப்வர்ட்டில் கணினி முழுவதற்குமான 'சிஸ்டம்' இணைப்பு ஒன்று, தனிப் பயனருக்கான 'செஷன்' இணைப்பு ஒன்று. சாதாரணப் பயனராக 'விர்ஷ்' கட்டளையை அடித்தால் அது வழக்கமாக செஷனைத்தான் பார்க்கும். சிஸ்டம் இணைப்பைக் குறிப்பிட்டுக் கேட்டவுடன் அவருடைய இயந்திரம் அங்கேயே பத்திரமாக இருந்தது.

இரண்டாவது வாசல், சேமிப்பறை. இணைப்புக் கிடைத்துவிடும், ஆனால் இயந்திரத்தைத் தொடங்கும்போது 'சேமிப்புக் கோப்பை அணுக முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். 'கோப்பு என்னுடையதுதானே, என் டவுன்லோட்ஸ் கோப்புறையில்தானே இருக்கிறது' என்பீர்கள். கோப்பைத் திறப்பது நீங்கள் அல்ல. சிஸ்டம் இணைப்பில் இயந்திரத்தை ஓட்டுவது வேறொரு கணக்கு. உபுண்டுவில் அதன் பெயர் லிப்வர்ட்-க்யூமு, ஃபெடோராவில் க்யூமு. அந்தக் கணக்குக்கு உங்கள் வீட்டு வாசலைக் கடக்க அனுமதி இல்லை. உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாகும் வீட்டுக் கோப்புறைக்கு 750 என்றுதான் அமைகிறது. 'மற்றவர்' இடத்தில் பூஜ்யம். கோப்பு திறந்திருந்தும் பயனில்லை, அதற்குப் போகும் வழியில் ஒரு கதவு மூடியிருக்கிறது. சற்று முன் சொன்ன 'கடந்து உள்ளே போக' என்பது இதுதான்.

'நேம்ஐ' என்ற கட்டளையோடு சிறிய எல் சேர்த்து, கோப்பின் முழு வழியையும் கொடுத்துப் பாருங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு கதவின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எங்கே தடை என்று கண்ணாலேயே பார்க்கலாம். தீர்வு வீட்டைத் திறந்துவிடுவது அல்ல. கோப்பை லிப்வர்ட் தனக்கென்று வைத்திருக்கும் இமேஜஸ் கோப்புறைக்கு மாற்றுங்கள். ஃபெடோராவில் செலினக்ஸ் என்ற இன்னொரு காவலும் உண்டு. அனுமதி எண்கள் சரியாக இருந்தும் மறுத்தால் அதன் பதிவுகளைப் பாருங்கள். அதை அணைத்துவிடும் பழக்கத்துக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது வாசல், குடித்தனத்தின் கதவு. அதாவது எஸ்எஸ்எச். 1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த தாது இலோனன் இதை எழுதினார். அந்தப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதுதான் அவரை அதைச் செய்யவைத்தது. திருட்டிலிருந்து பிறந்த பூட்டு என்பதால் அது கொஞ்சம் கண்டிப்பானது.

இதில் தனிச்சாவி, பொதுச்சாவி என்று இரண்டு. பொதுச்சாவியைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். போகவேண்டிய இயந்திரத்தில் அதை மாட்டி வைப்போம். தனிச்சாவி நம் கையில் இருக்கும். 'பாதுகாப்பற்ற தனிச்சாவிக் கோப்பு' என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால், உங்கள் சாவியை மற்றவரும் படிக்கும்படி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் 644 என்று இருக்கும். 600 ஆக்கினால் போதும். பென்டிரைவிலேயே சாவியை வைத்துக்கொண்டு 'சிஎச்மோட் வேலை செய்யவில்லை' என்று சிலர் சொன்னார்கள். பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் அமைப்பு லினக்ஸ் அனுமதிகளைச் சேமித்து வைப்பதில்லை. உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள எஸ்எஸ்எச் கோப்புறைக்கு நகலெடுத்து, அங்கே 600 ஆக்குங்கள். தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்புவோமா?

'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற வரியின் பக்கத்தில் அடைப்புக்குள் 'பப்ளிக்கீ' என்று வந்தால், மறுப்பது அந்தப் பக்கத்து இயந்திரம். முதலில் பயனர் பெயரைப் பாருங்கள். கிளவுடில் வாடகைக்கு எடுத்த உபுண்டு இயந்திரத்துக்குப் பெரும்பாலும் 'உபுண்டு' என்பதே பயனர் பெயர். அமேசான் லினக்ஸுக்கு 'இசி2-யூசர்'. உங்கள் சொந்தப் பெயரைப் போட்டால் அங்கே அப்படி ஒருவர் இல்லை. அடுத்து, எஸ்எஸ்எச்சுக்கு முன்னால் சூடோ போடாதீர்கள். போட்டால் அது உங்கள் சாவியை விட்டுவிட்டு ரூட் கணக்கின் சாவியைத் தேடும். எதுவும் புரியவில்லை என்றால் சிறிய வி என்ற எழுத்தைச் சேர்த்து எஸ்எஸ்எச்சை ஓட்டுங்கள். எந்தச் சாவியை நீட்டினேன், அது ஏற்கப்பட்டதா என்று வரி வரியாகச் சொல்லும்.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு', 'டைம்டு அவுட்' என்று வந்தால் அது அனுமதிப் பிழையே அல்ல. முன்னதில் பெரும்பாலும் அந்த வாசலில் கேட்க ஆள் இல்லை; பின்னதில் வழியே அடைபட்டிருக்கிறது. அதற்கு அனுமதிகளை மாற்றிப் பயனில்லை.

திறந்த வீடு ஏன் பூட்டிக்கொண்டது?

இப்போது அந்த வேடிக்கைக்கு வருகிறேன். 777 ஆக்கிய பிறகு அலுவலகக் கணக்கால் ஏன் நுழைய முடியவில்லை?

பொதுச்சாவிகளின் பட்டியல் அந்தக் கணக்கின் வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கிறது. வீட்டில் எவரும் எழுதலாம் என்றால், எவரும் அந்தப் பட்டியலில் தன் சாவியைச் சேர்த்துவிட்டு, அலுவலகத்தாராக வேடமிட்டு உள்ளே வரலாம். ஆகவே எஸ்எஸ்எச் சேவை முதலில் வீட்டைச் சோதிக்கிறது. வீட்டிலோ, எஸ்எஸ்எச் கோப்புறையிலோ, பட்டியலிலோ உரிமையாளர் அல்லாதவர் எழுதலாம் என்று கண்டால் 'இந்தப் பட்டியலை நான் நம்பமாட்டேன்' என்று சாவியை மறுத்துவிடுகிறது. இதற்கு 'ஸ்ட்ரிக்ட்மோட்ஸ்' என்று பெயர். நாம் அமைக்காமலேயே இயல்பாக இருக்கும் கட்டுப்பாடு.

வர்ட்-மேனேஜரின் திரை வழியாக, கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே போனோம். சேவையின் பதிவேட்டைப் பார்த்தால், கோப்புறையின் உரிமையோ அனுமதியோ சரியில்லை என்று அதுவே எழுதி வைத்திருந்தது. வீட்டுக்கு 750, எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, சாவிப் பட்டியலுக்கு 600, விண்ணப்பப் பட்டியலுக்கு 600. கதவு திறந்தது. கூடவே மாணவர் கணக்குகளின் சூடோ உரிமையையும் நீக்கினேன்.

யோசித்துப் பாருங்கள். அன்று அலுவலகத்தார் நுழைய முடிந்திருந்தால், 777 அப்படியே கிடந்திருக்கும். எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ! நம்மை எரிச்சலூட்டிய அந்த மறுப்புதான், கவனக்குறைவாக இருந்த நமக்குப் பதிலாக அந்தக் குடும்பங்களின் மானத்தைக் காத்தது.

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் நாளை ஒரு மருத்துவமனையின் சர்வரையோ ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலையோ கவனிக்கும் வேலைக்குப் போகலாம். அங்கே மேலாளர் 'சீக்கிரம் முடி' என்று நெருக்குவார். அப்போது பூட்டை உடைப்பது எளிது. அன்றைக்குப் பாராட்டும் கிடைக்கும். உங்கள் பிள்ளை 'பத்து நிமிடம் கொடுங்கள், காரணம் பார்க்கிறேன்' என்று சொல்லும் பிள்ளையாக இருக்க வேண்டும். ஒருவர் தன் கஷ்டத்தை நம்மிடம் எழுதிக் கொடுத்தால் அது அமானிதம். காகிதத்தில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் அமானிதம்தான்.

பிள்ளைகளே, சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். பிழை வரியை முழுமையாகப் படியுங்கள். எந்த வாசல் என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் யார் என்று 'ஐடி' கொண்டும், வழி எப்படி இருக்கிறது என்று 'நேம்ஐ' கொண்டும் பாருங்கள். தேவையான ஒருவருக்கு, தேவையான ஒரு கோப்பில், தேவையான அளவு மட்டும் அனுமதி கொடுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய எண்ணைக் குறித்து வையுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். தவறு செய்துவிட்டால், அந்த இரண்டு மாணவர்களும் வந்து சொன்னதைப் போல, வந்து சொல்லிவிடுங்கள். சொன்னவரை இந்த அறக்கட்டளை ஒருபோதும் ஒதுக்காது. அந்த இருவரும் இன்று மேடையில் சான்றிதழ் வாங்குகிறார்கள்.

நான் சொன்ன கட்டளைகளை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி மாடியறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நகல் வேண்டுவோர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். விண்ணப்பம் கொடுத்த குடும்பத்தார் யாருக்கேனும் தங்கள் விவரம் குறித்துக் கவலை இருந்தால், அஸருக்குப் பிறகு என்னை நேரில் சந்தியுங்கள். உங்கள் தாள் எங்கே இருக்கிறது, யார் பார்க்க முடியும் என்று திறந்து காட்டுகிறேன்.

 நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.